முதலில் நாற்காலி, செடியெல்லாம் அப்புறம்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு ஓ.எம்.ஆர். பக்கம் மென்பொருள் வேலை. தாம்பரம் தாண்டிப் புது வீடு, மாடியோடு சேர்த்து 20 அடி உயரம். வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், 25 அடி அகலமும் 20 அடி நீளமுமாக வெறும் மண். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், வீடு திரும்ப இரவு ஏழரை எட்டாகிறது. மற்ற இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. தூக்கம் கெட்டு, இரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் மருத்துவர், 'மனசுக்குப் பிடிச்ச ஏதாவது செய்யுங்க' என்றாராம். தோட்டம் போட ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கூடவே அம்மாவுக்கு வாழை வேண்டுமாம்.

நான் வேளாண்மை படித்தவன். இருபது வருடங்களாகச் சென்னைப் புறநகரில் வீட்டுத் தோட்டம் போட்டுக்கொடுப்பதுதான் பிழைப்பு. அதற்கு முன் உங்களைப் போல அலுவலகம் போய்வந்தவன்தான். அந்த நாட்களில் எனக்காகப் போட்ட முதல் தோட்டத்தின் கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

மொட்டைமாடியில் எண்பது தொட்டி வைத்தேன். கத்திரி, தக்காளி, மிளகாய், ரோஜா, கண்ணில் பட்டதெல்லாம். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மருந்தடிப்பு, களை, மண் மாற்றுவது. அலுவலகத்துக்குக் கிளம்பும் முன்பே ஒரு ஷிப்ட் முடித்த களைப்பு. ஒரு மே மாதம் ஊர்த் திருவிழாவுக்கு ஐந்து நாள் போய்விட்டேன், தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்த பையன் மறந்துவிட்டான். திரும்பி வந்தபோது அறுபது தொட்டி காய்ந்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆறுதலுக்காகப் போடும் தோட்டம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். அது இன்னொரு வேலையாகிவிடுகிறது. காய்கறிக்காகப் போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, உழைப்புக்குக் கூலியாக வெண்டைக்காய் வந்துவிடும். நீங்கள் கேட்பது வேறு. அதனால் எந்தச் செடியை வாங்குமுன்னும், 'இது என்னிடம் வாரத்துக்கு எவ்வளவு நேரம் கேட்கும்?' என்று யோசியுங்கள். மொத்தமாகக் கூட்டி வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் திட்டத்தைச் சுருக்குங்கள்.

செடி மனசுக்கு நல்லது என்பது வெறும் நம்பிக்கையா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. 1984-ல் ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். 2011-ல் நெதர்லாந்தில் இன்னொரு சோதனை. 30 பேருக்கு மூளையைக் கசக்கும் ஒரு வேலையைக் கொடுத்து டென்ஷன் ஏற்றிவிட்டு, பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்டவேலை செய்யவும் மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கவும் சொன்னார்கள். மன அழுத்தத்தோடு ஏறும் கார்ட்டிசால் என்ற சுரப்பு இரண்டு பிரிவிலும் இறங்கியது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்து அதை அனுபவிக்கிறவர்கள். என் எண்பது தொட்டிக் காலத்தில் அதே சோதனையை என்னிடம் செய்திருந்தால் முடிவு தலைகீழாக வந்திருக்கும்.

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம்.

இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்ப் பின்புறம் போடுங்கள். ஒரு மாதமாவது வேறு எதுவும் வேண்டாம். அலுவலகம் விட்டு வந்ததும் பத்து நிமிடம், காலையில் காப்பியோடு பத்து நிமிடம் அங்கே உட்காருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்து வீட்டு மாடி விளக்கு கண்ணில் குத்துகிறதா, எந்த மூலையில் உட்கார்ந்தால் யாரும் உங்களைப் பார்க்க முடியாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நாற்காலியை நாலைந்து இடம் மாற்றிப் பாருங்கள். கடைசியில் அது நிற்கிற இடம்தான் தோட்டத்தின் நடு, மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்காக இன்னொன்றும் செய்யுங்கள்: உங்கள் மேஜை ஜன்னலிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்வைக்கோட்டில் ஒரு மரம் வர வேண்டும். பென்சில்வேனியா ஜன்னல்தான் அது.

இப்போது நீங்கள் யோசிக்காத ஒரு விஷயம். சென்னையில் சூரியன் கோடையிலேயே ஆறரை மணி வாக்கில் மறைந்துவிடும், மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே. அலுவலக நாட்களில் உங்கள் தோட்டத்தை நீங்கள் வெளிச்சத்தில் பார்க்கப்போவது காலையில் மட்டும்தான். நர்சரிக்கு நாம் போவதோ ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு. அந்த வெயிலில் பளபளக்கிற சிவப்பும் ஊதாவும் இரவில் வெறும் கறுப்பு. இருட்டில் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை, மூக்குக்குத் தெரிவது வாசனை. ஆக உங்களுக்கு வேண்டியது அந்தித் தோட்டம்.

அதற்கு நம் ஊரைவிடக் கொடுத்துவைத்த ஊர் கிடையாது. அந்துப்பூச்சியை இழுப்பதற்காக அந்தியில் விரிந்து மணக்கும் வெள்ளைப் பூக்கள் நம்மிடம் வரிசையாக இருக்கின்றன. நான் வைக்கச் சொல்வது நான்கு. ஜன்னல் பார்வையில் ஒரு பவழமல்லி. பத்துப் பதினைந்து அடிக்கு மேல் பொதுவாகப் போகாது, கொஞ்சம் நிழலும் தாங்கும், இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருப்பதால் ஆடு மாடுகூட அவ்வளவாகச் சீண்டாது. ஆடி கடைசியில் பூக்கத் தொடங்கி மார்கழி வரை போகும். இரவில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலையில் காப்பியோடு போனால் தரையில் வெள்ளை இதழும் ஆரஞ்சுக் காம்புமாகக் கிடக்கும், கூட்டித் தள்ள மனம் வராது. அது ஓய்கிற இடைவெளிக்குக் குண்டுமல்லி இரண்டு செடி, பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பூக்கும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தது. ஆனால் அந்தக் கன்றுகள் பெரும்பாலும் இராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருபவை, நர்சரியில் 'ராமநாதபுரம் குண்டுமல்லி' என்று கேளுங்கள். சுவரில் ஏற நித்யமல்லிக் கொடி ஒன்று, பெயருக்கேற்ப வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டிருக்கும், கவனிப்பே கேட்காது. நாற்காலிக்குப் பின்னால் நந்தியாவட்டை. நிழலில் நிற்கும், இருட்டில் அதன் வெள்ளை அப்படியே மிதக்கும்.

இரவுராணி பற்றி எல்லோரும் கேட்பார்கள். வாசனை தெரு முழுக்க வரும், உண்மைதான். சிலருக்குத் தலைவலியும் வரும். ஏற்கெனவே தூக்கம் கெட்டவர் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே அதை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

வெயில் கணக்குக்கு வருவோம், இதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். நீங்கள் கேட்டிருப்பது ஆனி மாதம். இப்போது பின்புறம் போய்ப் பார்த்தால் முழு வெயில் அடிக்கும், 'ஆஹா, காய்கறி போடலாம்' என்று தோன்றும். சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அதனால்தான் உங்கள் வடக்குப் புறத்தில் இந்த வெயில். அப்புறம் அது தெற்கே சரியும். டிசம்பர் உச்சிப்பொழுதில் உங்கள் 20 அடி வீட்டின் நிழல் பின்பக்கம் ஏறக்குறைய 15 அடிக்கு விழும். உங்கள் இடமே 20 அடிதான். அதாவது மார்கழியில் நடுப்பகல் வெயில் படுவது கடைசி 5 அடி, பின் மதிலை ஒட்டிய பட்டை மட்டும். பங்குனியில் அதே நிழல் 5 அடிக்குள் சுருங்கிவிடும்.

இதைச் சங்கடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தோட்டத்தின் வரைபடமே இதுதான். வீட்டை ஒட்டிய பகுதி நிழல், அங்கே நாற்காலி, வெற்றிலைக்கொடி, ஓமவல்லி, பெரணி, நந்தியாவட்டை. நடுவில் பவழமல்லி. பின் மதில் பட்டையில் குண்டுமல்லி, கறிவேப்பிலை, ஆசைக்கு ஒரு கீரைப் பாத்தி. குண்டுமல்லியைக் கார்த்திகை கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது வழக்கம், வெயில் குறைகிற அந்த மாதத்தில் அதுவும் சும்மா தூங்கும். இரண்டும் பொருந்திப்போகிறது.

மண். புது வீடு என்றால் எனக்கு முதலில் பயம் மண்மேல்தான். கட்டடம் கட்டியவர்கள் உடைந்த செங்கல், காய்ந்த சிமென்ட் கலவை, டைல்ஸ் துண்டு, பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் பின்புறம் தள்ளி, மேலே அரை அடி செம்மண்ணைப் பரப்பிக் கொடுத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒரு வீட்டில் மல்லிகை ஏன் மஞ்சளாகவே இருக்கிறது என்று தோண்டினேன், ஒரு முழம் கீழே சிமென்ட் மூட்டை அப்படியே கல்லாகிக் கிடந்தது. சிமென்ட் மண்ணைச் சுண்ணாம்பாக்கிவிடும், வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, இளம் இலை வெளுத்துவிடும். நாலு இடத்தில் கடப்பாரையால் ஒன்றரை அடி குத்திப் பாருங்கள். குப்பை வந்தால் ஆள் வைத்து எடுத்துவிட்டு நல்ல மண் போடுங்கள், செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள். பிறகு ஒரு அடிக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கினால் நல்லது. மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் களிமண், ஐப்பசி கார்த்திகையில் வேர் அழுகிவிடும். அப்படியானால் பாத்தியை ஒரு அடி உயர்த்திக் கட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று அந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தண்ணீரில் இரண்டு விஷயம். போர் தண்ணீர் உப்பா என்று வாயில் விட்டாலே தெரியும், வாளியில் வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலை ஓரம் கருகுவதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பவர்கள் நிறைய. எலுமிச்சை, ரோஜா, அவரைக் குடும்பம் உப்புக்கு ஆகாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது கிட்டத்தட்ட மழைநீர் மாதிரி, நம் புழுக்கத்துக்கு ஓர் இரவில் ஒரு வாளிகூட நிறையும். ரோஜா வைத்தே தீருவேன் என்றால் அதை ஊற்றுங்கள்.

அடுத்தது, யார் ஊற்றுவது. என் அறுபது தொட்டி போனது இதில்தான். சொட்டுநீர்க் குழாய் போட்டு, குழாயடியில் ஒரு டைமர் மாட்டுங்கள். விடிகாலை தானாகத் திறந்து மூடும். மேலே காய்ந்த இலையையோ தென்னை ஓலையையோ மூன்று அங்குலம் மூடாக்காகப் போட்டால் தண்ணீரும் மிச்சம், களையும் குறைவு. தரையில் வேர் விட்ட செடி இரண்டு நாள் நீங்கள் மறந்தாலும் மன்னிக்கும், தொட்டி மன்னிக்காது. பத்துத் தொட்டிக்கு மேல் வேண்டாம்.

புல்தரை? படத்தில் பார்த்து ஆசைப்படுவீர்கள். 500 சதுர அடி என்பது 46 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் கொடுப்பதாக வைத்தாலும் 230 லிட்டர், பதினைந்து வாளி. வெட்ட வேண்டும், களை பிடுங்க வேண்டும். போதாததற்கு வருடத்தில் பாதி நாள் வீட்டு நிழல், புல் பொட்டல் பொட்டலாகப் போகும். நாற்காலி போடும் இடத்தில் ஓடோ செங்கலோ பதியுங்கள், சுற்றிச் சரளை போதும்.

காய்கறியில் கத்திரி வேண்டாம், காய்த்துளைப்பான் உங்கள் இரத்த அழுத்தத்தை இன்னும் ஏற்றும். தக்காளி நம் கோடை இரவின் சூட்டில் பூவை உதிர்த்துவிடும். சிறுகீரை விதைத்தால் இருபத்தைந்து முப்பது நாளில் பிடுங்கிவிடலாம், தோற்றாலும் மனசு வலிக்காது. அது போதும்.

பூச்சி வரும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி அப்பும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும், மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிக்கலாம். 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது எந்த மருந்தும் சரிவரக் கேட்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் குளவிதான் அதை அடக்கியது. கண்ணில் பட்டதற்கெல்லாம் விஷம் அடித்தால் சாகிறது இந்த மாதிரிக் குளவிகளும்தான். ஆகவே பொறுங்கள்.

கறிவேப்பிலையில் ஒரு நாள் பறவை எச்சம் ஒட்டியிருப்பது போலத் தெரியும். தட்டிவிடப் போவீர்கள், அது நகரும். குனிந்து பாருங்கள், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு விரல்கணு நீளப் புழு. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவைக் கொம்பை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பி மிரட்டும். வளர வளரப் பச்சையாக மாறி, இலையைக் கிளையோடு மொட்டையடித்துவிட்டு, ஒருநாள் காணாமல் போகும். பிறகு கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சி சுற்றும். அம்மா சாம்பாருக்கு இலை இல்லை என்று திட்டுவார், இரண்டாவது கறிவேப்பிலைச் செடி ஒன்று வைத்துவிடுங்கள். அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டு நின்ற கால் மணி நேரம் கைப்பேசி எங்கே என்றே நினைவிருக்காது.

விளக்கு மஞ்சளாக, முழங்கால் உயரத்தில், ஒன்று போதும். வெள்ளை எல்.இ.டி. போட்டால் பூச்சி மொய்க்கும், ஆபீஸ் மாதிரியும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் அல்லி வளர்க்க ஆசையென்றால் இரவில் விரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள், பகல் வகையை வாங்கினால் நீங்கள் வருவதற்குள் கூம்பியிருக்கும். நாலு கப்பி மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும். மீன் இல்லாத தட்டு, வாளி எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நிற்க விடாதீர்கள், டெங்குக் கொசுவுக்கு அந்த அவகாசம் போதும்.

பெரிய மரம் வேண்டாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் சென்னையில் விழுந்ததில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை மாதிரி வெளியூர் மரங்கள் நிறைய. முருங்கைக்கும் கிளை பலமில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் கார் நின்றால் யோசியுங்கள்.

காலம் எப்போது என்றால், ஆனி, ஆடி இரண்டும் நாற்காலிக்கு. ஆவணியில் குப்பை தோண்டி, மண் போட்டு, குழாய் இழுத்துவிடுங்கள். புரட்டாசி நடுவில் கன்று நட்டால் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வரும், முதல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கீரை தைக்கு மேல். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுத் தோட்டத்தையும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முடித்தும் தருவார்கள், சித்திரையில் எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

கடைசியாக வாழை. அம்மாவை வைக்கச் சொல்லுங்கள். துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வெளியே வரும் மூலையில் வைத்தால் தனியாக ஊற்றவே வேண்டாம், வெயில் குறைகிற மாதங்களில் கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான். தாய்மரத்தோடு ஒரே ஒரு பக்கக்கன்றை விட்டு மற்றதை வெட்ட வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சொல்லப்போக வேண்டாம், அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த மூலைக்கு அவர் பொறுப்பு. நீங்கள் சாப்பிட இலை கேட்டுப் போனால் போதும்.